கெடு நெருங்கும்போது சாஃப்ட்வேரை மாற்றலாமா?

2025 செப்டம்பரை வரி ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கும் எவரும் எளிதில் மறக்க மாட்டார்கள். ஜூலை 31-இல் முடிய வேண்டிய தனிநபர் வருமான வரி ரிட்டர்ன், படிவங்கள் பெரிதாக மாறியதால் செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போயிருந்தது. அன்றிரவு, கெடு முடியப்போகும் நேரத்தில் ஒரே ஒரு நாள் கூட்டி 16 என்று அறிவித்தார்கள். ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 22-இல், ஜி.எஸ்.டி.யின் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் நீங்கிப் பொருள்கள் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் வந்தன. கடைகளின் பில்லிங் சாஃப்ட்வேரில் சரக்கு சரக்காக விகிதத்தை மாற்ற வேண்டியிருந்தது. 30-ஆம் தேதி வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள்; அது பிறகு அக்டோபர் 31, நவம்பர் 10 என்று நீண்டது வேறு கதை. இவற்றுக்கு நடுவே ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களுக்காக மாதந்தோறும் வரும் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் வழக்கம்போல வந்துபோயின.

இப்படிப்பட்ட மாதத்தில்தான் "இந்த சாஃப்ட்வேரோடு இனி முடியாது, வேறொன்றை வாங்கிவிடலாம்" என்ற எண்ணம் வலுக்கும். அப்டேட் வரவில்லை, கணக்கு தப்பாகக் கூட்டுகிறது, உதவி எண்ணை யாரும் எடுப்பதில்லை. அதே வாரத்தில் இன்னொரு கம்பெனியின் ஆள் வந்து, பாதி விலைக்குத் தருகிறேன், பழைய டேட்டாவை எல்லாம் நானே மாற்றிக் கொடுக்கிறேன் என்பார். கோட்டுகாலில் தொடங்கி பூவார், உச்சக்கடை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாக எல்லைக்கு அப்பால் களியக்காவிளை வரை இருக்கும் வரி அலுவலகங்கள் பெரும்பாலும் சிறியவை. ஒருவர் நடத்துவார், உதவிக்கு ஓரிருவர் இருப்பார்கள். அங்கே இந்த முடிவை எடுப்பவரும், அதன் விளைவைச் சுமப்பவரும், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்பவரும் ஒரே ஆள்தான். அதனால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெடு தலைக்கு மேல் இருக்கும்போது முழு அலுவலகத்தையும் புதிய சாஃப்ட்வேருக்கு மாற்றக் கூடாது. ஆனால், கையில் இருக்கும் சாஃப்ட்வேர் தப்பான எண்ணைத் தருகிறது என்று தெரிந்த பிறகும் அதிலேயே தொடர்வது அதைவிடக் கேடு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழி உண்டு, அது இலவசமும்கூட. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரிட்டர்னுக்கான பொறுப்பு என்று வரும்போது, சட்டத்தின் கண்ணில் சாஃப்ட்வேர் என்ற ஒன்றே இல்லை. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 48(3) பிரிவு வெளிப்படையாகவே பேசுகிறது: ஜி.எஸ்.டி. பிராக்டீஷனர் போட்ட ரிட்டர்னாக இருந்தாலும் அதிலுள்ள விவரங்கள் சரியாக இருப்பதற்கான பொறுப்பு, பதிவு வைத்திருக்கும் வியாபாரியிடமே இருக்கும். பிராக்டீஷனருக்கே இந்த நிலை என்றால், அவர் மேஜையில் ஓடும் சாஃப்ட்வேருக்கு என்ன இடம் இருக்க முடியும்? வருமான வரியிலும் ரிட்டர்னைச் சரிபார்த்து உறுதி சொல்பவர் வரி செலுத்துபவர்தான். "கம்ப்யூட்டர் அப்படிப் போட்டுவிட்டது" என்பது நோட்டீஸுக்குப் பதிலாகாது. ஆகவே, சாஃப்ட்வேர் மாற்றத்தில் ஏற்படும் தவறுக்கான வட்டியும் தாமதக் கட்டணமும் முதலில் போய் விழுவது, அந்த மாற்றத்தைப் பற்றி எதுவுமே தெரியாத பலசரக்குக் கடைக்காரர் மீது. அவருக்குச் சொல்லாமல் எடுக்கும் முடிவு இது என்பதை நம் தொழிலில் இருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

தொகைகளும் அற்பமானவை அல்ல. வருமான வரி ரிட்டர்ன் தாமதமானால் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய். பாக்கி வரிக்கு மாதம் 1 சதவீத வட்டி தனி. டி.டி.எஸ். ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய். ஜி.எஸ்.டி.யின் மாத வரி ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், வரி எதுவும் இல்லாத ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய். வரிப் பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. வரித் தணிக்கை அறிக்கை தவறினால் ஒன்றரை லட்சம் வரை போகலாம். இவற்றைக்கூடக் கட்டிவிடலாம். கெடு தாண்டினால் திரும்ப வராதவை சில உண்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, குறித்த தேதிக்குள் ரிட்டர்ன் போடாதவர் அந்த ஆண்டின் வியாபார நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் அந்த ஆண்டுக்குப் போய்விடும். வீட்டுக் கடன் வட்டி, இன்சூரன்ஸ் என்று கழிவுகளை நம்பியிருந்த ஒருவருக்கு இது சில நேரம் அபராதத்தைவிடப் பெரிய தொகை.

மாற்ற வேண்டும் என்று தோன்றும்போது முதலில் பார்க்க வேண்டியது, கோளாறு எங்கே என்பது. 2021 ஜூன் 7-இல் வருமான வரித் துறையின் புதிய போர்ட்டல் திறக்கப்பட்டபோது மாதக்கணக்கில் அது தடுமாறியது. நிதியமைச்சர் அந்த ஆண்டு ஆகஸ்ட் 23-இல் இன்ஃபோசிஸ் தலைமை அதிகாரியை நேரில் அழைத்து விளக்கம் கேட்கும் அளவுக்குப் போனது. ரிட்டர்ன் கெடு டிசம்பர் 31 வரை நீண்டது. அந்த நேரத்தில் எந்த சாஃப்ட்வேரை வாங்கியிருந்தாலும் பயன் இல்லை. எல்லாமே கடைசியில் போய்ச் சேருவது அதே போர்ட்டலில். 2024 ஜூலை 31 அன்று ஒரே நாளில் 69.92 லட்சம் ரிட்டர்ன்கள் போடப்பட்டன. அப்படிப்பட்ட இரவில் பக்கம் திறக்க நேரமானால் குற்றம் மேஜையில் இருக்கும் சாஃப்ட்வேருடையதாக இருக்க வேண்டியதில்லை.

இதைப் பிரித்தறிய ஒரு சோதனை போதும். வருமான வரித் துறை தன் போர்ட்டலிலேயே எக்செல் வடிவிலும் ஆஃப்லைன் சாஃப்ட்வேராகவும் ரிட்டர்ன் தயாரிக்கும் கருவிகளைக் காசில்லாமல் தருகிறது. சந்தேகமுள்ள ஒரு வாடிக்கையாளரின் கணக்கை அதில் போட்டுப் பாருங்கள். அங்கும் அதே பிழை வந்தால் கோளாறு உங்கள் சாஃப்ட்வேரில் இல்லை. அங்கே சரியாக வந்து உங்கள் சாஃப்ட்வேரில் மட்டும் தப்பினால் விஷயம் தெளிவு. டி.டி.எஸ். ரிட்டர்னுக்கும் இப்படி இலவசக் கருவி உண்டு. ஜி.எஸ்.டி. போர்ட்டலும் ஆஃப்லைன் கருவி தருகிறது. நான் சொன்ன மூன்றாவது வழி இதுதான். சீசன் நடுவே சாஃப்ட்வேர் காலை வாரினால், அது கெடுத்த வேலைகளை மட்டும் துறையின் கருவிகளில் முடித்துவிட்டு, புதியதை வாங்கும் முடிவைச் சீசனுக்குப் பிறகு நிதானமாக எடுக்கலாம். கருவிகள் மெதுவானவை, பலவற்றைக் கையால் அடிக்க வேண்டும், உண்மைதான். ஆனாலும், நூறு பேரின் பழைய விவரங்களைப் பழக்கமில்லாத ஒன்றுக்குள் ஒரே இரவில் கொட்டுவதைவிடப் பத்துப் பேரின் கணக்கைக் கையால் அடிப்பது பாதுகாப்பானது.

இனி, எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரிய ஓர் ஆபத்து. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் போனபோது மாநில எல்லை இங்குள்ள கடைவீதிகளுக்கு நடுவே விழுந்தது. உறவும் வியாபாரமும் இரண்டு பக்கமும் தொடர்ந்தன. அமரவிளை செக்போஸ்டில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலத்தில் எல்லை கண்ணுக்குத் தெரிந்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்த வரிச் சோதனை நின்றுபோனது. எல்லை போகவில்லை, அது பில்லுக்குள் குடியேறிவிட்டது. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. பாறசாலைக் கடைக்காரர் நெய்யாற்றின்கரைக்குச் சரக்கு அனுப்பினால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. அதே சரக்கைக் களியக்காவிளைக்கு அனுப்பினால் முழுவதும் ஒருங்கிணைந்த வரியான ஐ.ஜி.எஸ்.டி. தூரம் சில கிலோமீட்டர்தான் என்பது சட்டத்துக்குப் பொருட்டில்லை.

சாஃப்ட்வேர் மாற்றும்போது வாடிக்கையாளர் பட்டியலும் மாறும். அதில் பெயர், தொகை, பாக்கி எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். 'மாநிலம்' என்ற ஒரு கட்டம் காலியாக வந்து சேர்ந்தால்? சாஃப்ட்வேர் அதை உள்ளூர் விற்பனையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். ஜி.எஸ்.டி. எண் உள்ளவர்களிடம் இதைக் கண்டுபிடிக்கலாம், எண்ணின் தொடக்கத்தைப் பார்த்தாலே போதும். எண் இல்லாத சில்லறை வாடிக்கையாளரிடம்தான் சிக்கல். 2023 அக்டோபர் 1 முதல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. சட்டத்தில் வந்த விதிப்படி, பதிவு இல்லாதவருக்குப் பொருள் விற்றால் பில்லில் எழுதிய முகவரி எந்த மாநிலமோ அந்த மாநிலத்துக்கான விற்பனை அது. மாநிலத்தின் பெயர் மட்டும் இருந்தாலே முகவரி இருப்பதாகக் கொள்ளப்படும். முகவரியே இல்லை என்றால் கடை இருக்கும் இடம்தான் கணக்கு. அதாவது, பழைய சாஃப்ட்வேரில் 'தமிழ்நாடு' என்று இருந்த ஒரு சொல் மாற்றத்தில் உதிர்ந்துபோனால் வரியின் இனமே மாறிவிடுகிறது. மதுரையிலோ கோட்டயத்திலோ இருக்கும் கடைக்கு இது எப்போதோ வரும் பிரச்சினை. நம் ஊரில் தினசரிப் பிரச்சினை.

முன்பெல்லாம் இப்படி விற்பனை விவர ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்.-1-இல் தப்பினால் 3பி-யில் கையால் திருத்திக்கொள்வார்கள். 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து 3பி-யில் தானாக வந்து நிற்கும் வரித்தொகையை அங்கே மாற்ற வழி அடைக்கப்பட்டது. திருத்தம் வேண்டுமானால் 3பி போடுவதற்கு முன் ஜி.எஸ்.டி.ஆர்.-1ஏ மூலம் செய்ய வேண்டும். ஆகவே, 11-ஆம் தேதி புதிய சாஃப்ட்வேரிலிருந்து போன தவறு 20-ஆம் தேதிக்குள் கண்ணில் பட்டாக வேண்டும்.

கண்ணில் படாமல் தப்பிவிட்டாலும் பரிகாரம் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. மாநில வரியாகக் கட்ட வேண்டியதை ஐ.ஜி.எஸ்.டி.யாகவோ, ஐ.ஜி.எஸ்.டி.யை மாநில வரியாகவோ மாற்றிக் கட்டிவிட்டால், சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதை ரீஃபண்டாகக் கேட்கலாம். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 77-ஆம் பிரிவும் ஒருங்கிணைந்த சட்டத்தின் 19-ஆம் பிரிவும் இதற்கென்றே உள்ளவை. இந்த வகைத் தவறுக்கு வட்டி கிடையாது. சரியான தலைப்பில் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சட்டம் கருணையோடுதான் இருக்கிறது. ஆனால், ஒரே வரியை இரண்டு முறை கட்டிவிட்டு ரீஃபண்டுக்காகக் காத்திருக்கும் பணத்தெம்பு சின்னக் கடைக்காரரிடம் இருக்காது. பாலராமபுரத்தில் கைத்தறி விற்பவருக்கும் விழிஞ்ஞம் துறைமுக வேலைக்கு வண்டி விட்டிருப்பவருக்கும் மாத வரவு செலவே இழுபறிதான்.

கணக்கு எழுதும் சாஃப்ட்வேரையும் ரிட்டர்ன் போடும் சாஃப்ட்வேரையும் ஒன்றாக எண்ணக் கூடாது. டாலி, ஸோஹோ புக்ஸ் போன்றவை கணக்குப் புத்தகங்கள். வின்மேன், கம்ப்யூடாக்ஸ், ஜீனியஸ், சரல் போன்றவை ரிட்டர்னும் டி.டி.எஸ்.ஸும் தயாரிப்பவை. இரண்டாவது வகையில், துறையின் போர்ட்டலில் ஏற்கெனவே போட்ட ரிட்டர்ன்களின் நகல் பத்திரமாக இருப்பதால், இழப்பை ஓரளவு ஈடுசெய்யலாம். ஜேசன் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். இருந்தும் சில விவரங்கள் உங்கள் சாஃப்ட்வேரில் மட்டும்தான் இருக்கும்: இயந்திரத் தேய்மானத்தின் ஆண்டுவாரிக் கணக்கு, நிலம் வாங்கிய விலை, சொத்து விற்பனைக் கணக்கின் அடிப்படைத் தாள்கள், எட்டு ஆண்டு வரை எடுத்துச் செல்லும் நஷ்டம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற பிரிவு. புதிய சாஃப்ட்வேர் மொத்தத் தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு ஆண்டுப் பிரிவை விட்டுவிட்டால், சில ஆண்டு கழித்து ஒரு நோட்டீஸ் வரும்போதுதான் தெரியவரும்.

முதல் வகையில் சட்டமே கடுமையாகக் குறுக்கிடுகிறது. கம்பெனியாகப் பதிவு செய்த வாடிக்கையாளர் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எந்தப் பதிவை மாற்றினார் என்ற திருத்தத் தடத்தை விடாமல் வைத்திருக்கும் சாஃப்ட்வேரில்தான் கணக்கு எழுத வேண்டும். அந்த வசதியை நிறுத்திவைக்கவும் கூடாது. ஆடிட்டர் தன் அறிக்கையில் இதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கம்பெனிச் சட்டப்படி கணக்குகளை எட்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டம், ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. ஆண்டு நடுவில் சாஃப்ட்வேர் மாறினால் நிலுவைத் தொகைகள் புதியதற்குள் போகும். பழைய திருத்தத் தடம் போகாது. ஆகவே, பழைய சாஃப்ட்வேரை அழித்துவிடவோ, அதன் லைசென்ஸ் முடிந்ததும் கோப்பைத் திறக்க முடியாத நிலைக்கு விட்டுவிடவோ கூடாது. லைசென்ஸ் முடிந்த பிறகும் பழைய கோப்பைப் படிக்கவாவது முடியுமா என்று இன்றே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள். கிளவுடில் இயங்கும் சாஃப்ட்வேர் என்றால் இந்தக் கேள்வி இரட்டிப்பு முக்கியம். டேட்டா உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, சந்தா நின்றால் கதவு மூடிக்கொள்ளும்.

என் டேட்டாவை நான் கேட்கும் வடிவில் தர வேண்டும் என்று சட்டப்படி வற்புறுத்த முடியாதா என்று கேட்கலாம். 2019-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்குத் தன் தரவை எடுத்துச் செல்லும் உரிமை எழுதப்பட்டிருந்தது. 2023-இல் சட்டமானதில் அது இல்லை. வாங்கும்போது ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு. ஏற்றுமதி செய்யும் வசதி எக்செல்லிலா, ஜேசனிலா, வெறும் பி.டி.எஃப்.இலா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாடிக்கையாளரின் கணக்கை வைத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். பி.டி.எஃப். மட்டும்தான் என்றால் அதிலிருந்து வெளியே வருவது பெரும்பாடு.

இனி கடவுச்சொல் விஷயம். நம் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளரின் வருமான வரி, ஜி.எஸ்.டி. போர்ட்டல் கடவுச்சொற்கள் அனைத்தும் சாஃப்ட்வேருக்குள் ஏற்றப்பட்டிருக்கும், ஒரு பொத்தானில் உள்ளே போகலாம். டேட்டாவை மாற்றித்தருகிறேன் என்று வரும் விற்பனைப் பிரதிநிதியிடம் முழு பேக்கப்பையும் பென்டிரைவில் கொடுப்பது, அத்தனை பேரின் பான், ஆதார், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எல்லாவற்றையும் அவர் கையில் வைப்பதே. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் ரீஃபண்டு எந்த வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. மாற்றும் வேலை உங்கள் அலுவலகத்தில், உங்கள் கண் முன் நடக்கட்டும். கடவுச்சொற்களை ஏற்றுமதிப் பட்டியலிலிருந்து விலக்கிவிடுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன, முக்கியக் கடமைகள் 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. சிறிய அலுவலகத்துக்கு அந்த உச்சத் தொகை விதிப்பார்களா என்பது ஒரு பக்கம். வாடிக்கையாளர் நம்மை நம்பிக் கொடுத்ததைப் பாதுகாக்கச் சட்டத்தின் பயம் தேவைப்படக் கூடாது. பணமோ கணக்கோ திருடு போனால் 1930 என்ற எண்ணில் உடனே சொல்லுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம் தூரப் போகிறது.

ஜி.எஸ்.டி. போர்ட்டலில் வியாபாரி தன் பிராக்டீஷனரை முறைப்படி நியமிக்கவும் நீக்கவும் வசதி உண்டு. வருமான வரி போர்ட்டலிலும் சி.ஏ.வையோ, துறையில் பதிவு செய்த ரிட்டர்ன் இடைத்தரகரையோ சேர்க்கலாம். இந்த வழியில் போனால் கடவுச்சொல்லைக் கொடுக்கவே தேவையில்லை. கேரளத்தில் அட்சயா மையத்தில் ரிட்டர்ன் போடுபவர்களும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் சென்டரில் போடுபவர்களும் ஒன்று செய்யலாம்: வேலை முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, போர்ட்டலில் பதிவான செல்போன் எண் தங்களுடையதுதானா என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த எண் வேறொருவருடையது என்றால் நோட்டீஸ் வந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

மாற்றுவதற்கு நல்ல நேரம் எது? கணக்குப் புத்தகத்துக்கு ஏப்ரல் 1-ஐவிட நல்ல நாள் இல்லை, ஆண்டின் ஆரம்ப நிலுவையோடு தொடங்கலாம். ரிட்டர்ன் சாஃப்ட்வேருக்கு, டிசம்பர் 31-இல் தாமத ரிட்டர்னும் ஜி.எஸ்.டி. ஆண்டு ரிட்டர்னும் முடிந்து, ஜனவரி 31-இல் மூன்றாம் காலாண்டு டி.டி.எஸ்.ஸும் போன பிறகு வரும் பிப்ரவரி. அப்போது பழைய ஆண்டின் முடிந்த ரிட்டர்ன்கள் கையில் இருக்கும். அவற்றில் வகைக்கு ஒன்றாக எடுத்து (சம்பளக்காரர், சொத்து விற்றவர், நஷ்டம் எடுத்துச் செல்பவர், இரு மாநிலத்திலும் பதிவுள்ள வியாபாரி) புதியதில் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே துறை ஏற்றுக்கொண்ட எண்ணோடு ஒரு ரூபாய்கூட வேறுபடக் கூடாது. வேறுபட்டால் ஏன் என்று கம்பெனி விளக்கட்டும். இரண்டையும் ஒரு காலாண்டு சேர்த்து ஓட்ட முடிந்தால் இன்னும் நல்லது. இரட்டைச் செலவுதான், ஆனாலும் தெரிந்த செலவு.

இனி, விற்றவரிடம் கேட்கும் உரிமை. "எல்லா டேட்டாவும் வந்துவிடும்", "துறை படிவம் வெளியிட்ட மறுநாளே அப்டேட்" என்று வாயால் சொன்னதை மின்னஞ்சலில் கேளுங்கள். லைசென்ஸ் ஒப்பந்தங்களில் வழக்கமாக, என்ன நட்டம் வந்தாலும் கட்டிய கட்டணத்துக்கு மேல் பொறுப்பில்லை என்றும், வழக்கு எங்கள் தலைமையகம் இருக்கும் ஊரில்தான் என்றும் பொடி எழுத்தில் இருக்கும். இரண்டாவதைக் கண்டு தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க அனுமதிக்கிறது. நெய்யாற்றின்கரைக்காரர் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்திலும், களியக்காவிளைக்காரர் நாகர்கோவிலிலும் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஒப்பந்த நிபந்தனையே அநியாயமானது என்று வாதிடுவதானால் அது மாவட்டத்தில் அல்ல, மாநில ஆணையத்தில்.

இங்கே ஒரு தடையை அறிந்திருக்க வேண்டும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்கிறது சட்டம். 2025 நவம்பரில் பாலி மெடிக்யூர் என்ற நிறுவனம் தொடர்ந்த வழக்கில், தன் வணிக நடைமுறையைத் தானியங்கியாக்க சாஃப்ட்வேர் வாங்கிய அந்தக் கம்பெனி நுகர்வோர் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது: தன் பிழைப்புக்காக மட்டும், சுயதொழிலாக நடத்துபவர் வாங்கியது வணிக நோக்கம் ஆகாது. தானே உட்கார்ந்து ரிட்டர்ன் போடும் சிறிய பிராக்டீஷனர் இந்த விலக்கின் கீழ் வாதிட இடம் உண்டு. புகாரில் அதை முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும். பத்துப் பேரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது கடினம், அவர்கள் சிவில் நீதிமன்றத்தில் ஒப்பந்தச் சட்டப்படி இழப்பீடு கேட்க வேண்டிவரும். எதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம்.

கெடு தவறியே போய்விட்டால் அதோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். உண்மையான இடர்ப்பாட்டால் ரீஃபண்டோ நஷ்டமோ பறிபோகிறது என்றால், 1961 வருமான வரிச் சட்டத்தின் 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தைப் பொறுக்கக் கேட்கலாம். 2024 அக்டோபர் 1-இல் வந்த சுற்றறிக்கையின்படி, தொகை 1 கோடிக்குள் என்றால் முதன்மை ஆணையரே முடிவெடுக்கலாம், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே ஆதாரம்தான் பேசும். போர்ட்டல் திறக்காத இரவில் தேதியும் நேரமும் தெரியும்படி எடுத்த ஸ்க்ரீன்ஷாட், போர்ட்டலில் போட்ட குறைதீர் மனுவின் எண், சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அனுப்பிய மின்னஞ்சலும் அவர்கள் பதிலும். போர்ட்டல் பழுதை அதிகாரிகள் எளிதில் ஏற்பார்கள். தனியார் சாஃப்ட்வேர் பழுதை, அதுவும் நாமே கெடு வாரத்தில் மாற்றிக்கொண்டதை, அவ்வளவு சுலபமாக ஏற்க மாட்டார்கள். சீசன் நடுவே மாற்றாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போதைய சீசனுக்கு இன்னொரு கூடுதல் சுமை இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. 2025-26 ஆண்டு வருமானத்துக்கான ரிட்டர்ன் பழைய 1961 சட்டப்படி. ஆனால், ஏப்ரல் 1 முதல் பிடிக்கும் டி.டி.எஸ். புதிய சட்டப்படி, சம்பளத்துக்கு 392-ஆம் பிரிவு, மற்றவற்றுக்கு 393. ஒரே அலுவலகத்தில், ஒரே மாதத்தில், இரண்டு சட்டங்கள் ஓடுகின்றன. இந்த ஆண்டு சாஃப்ட்வேர் வாங்குபவர்களும் புதுப்பிப்பவர்களும், இரண்டு சட்டத்துக்கும் ஒரே லைசென்ஸ் போதுமா, புதிய பிரிவுகளுக்கான டி.டி.எஸ். கோப்பைத் தயாரித்து அது துறையின் சோதனையில் தேறியதைக் காட்ட முடியுமா என்று கேட்டு, பதிலைக் கையெழுத்தோடு வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.